ஒரு காலுக்கு எவ்வளவு ஆகும்?

(வளவனூரில் கூடிய மருத்துவமனைத் தாங்குவோர் கூடுகையில் எங்கள் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



இப்படிப்பட்ட கூடுகைகளில் கூட்டம் முடிந்து காபி குடிக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் எங்களை ஓரமாக அழைத்து, "ஐயா, ஒரு செயற்கைக் காலுக்கு எவ்வளவு ஆகும்? எங்கள் குடும்பத்தின் பேரில் ஒன்று கொடுத்துவிடுகிறோம்" என்று கேட்பது வழக்கம். நல்ல மனதோடு கேட்கிற கேள்வி. இன்று காபிக்கு முன்பாகவே பதில் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறோம். பதில் கொஞ்சம் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசேஷமாக, பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களைக் குறித்துப் பேச விரும்புகிறோம். இந்த வட்டாரத்துக் கிராமங்களில் "மிலிட்டரிக்காரர் வீடு" என்று வழி சொல்லப் பயன்படுகிற வீடு ஒன்றாவது இருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருகிறார்கள். பிரிவின் பின்கட்டில் ஒரு பட்டறை இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவரை நோயாளிகள் "கால் செய்கிற தம்பி" என்கிறார்கள். அவர் நாலரை ஆண்டு பட்டப்படிப்பு படித்தவர். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி பதிவு பெற்றவர். ஆனாலும் அவர் உடுப்பில் எப்போதும் மாவு ஒட்டியிருப்பதால் கொத்தனார் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

அவருடைய வேலையைச் சொன்னால்தான் விலைக் கணக்கு புரியும். முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட்ட கால் என்று வைத்துக்கொள்வோம். மீதியுள்ள பாகத்தைப் பட்டறையில் "ஸ்டம்ப்" என்கிறார்கள். முதலில் அவர் அதைக் கையால் தொட்டுப் பார்ப்பார். எங்கே எலும்பு துருத்துகிறது, எங்கே தழும்பு தோலோடு ஒட்டியிருக்கிறது, எங்கே தொட்டால் மின்சாரம் பாய்ந்தது போல் வலிக்கிறது என்று பார்ப்பார். ஈரத்தில் மையாகப் பதிகிற ஊதா பென்சிலால் அந்த இடங்களைக் குறிப்பார். அதன்மேல் மாவுக்கட்டு சுற்றுவார். கட்டு இறுகியதும் உறைபோலக் கழற்றி, உள்ளே மாவைக் கரைத்து ஊற்றினால், ஸ்டம்பின் உருவம் வெள்ளைச் சிலையாகக் கிடைக்கும். ஊதாக் குறிகளும் அதில் பதிந்திருக்கும்.

இனிமேல்தான் சாமர்த்தியம். அந்தச் சிலையை அப்படியே படியெடுத்துக் கிண்ணம் செய்தால் அதில் ஒருவரும் நிற்க முடியாது. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் பாரம் தாங்கும். அங்கே மாவைச் சுரண்டுவார். வெளிப்பக்கத்துச் சின்ன எலும்பின் தலை பாரம் தாங்காது; அங்கே மாவைச் சேர்ப்பார். எந்த இடத்தில் பாரத்தை வைப்பது, எந்த இடத்தை விட்டுவிடுவது என்பதே இந்தத் தொழிலின் சாரம். (ஆயர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது.) பிறகு பிளாஸ்டிக் தகட்டைச் சூளையில் இளக்கி அதன்மேல் போர்த்தி, கிண்ணத்தை எடுப்பார்கள். அதற்குச் சாக்கெட் என்று பெயர். கீழே தண்டும் பாதமும் சேர்த்து, இணைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, பாதம் அரை விரல் உள்ளே போகட்டும், குதிகால் கொஞ்சம் தணியட்டும் என்று திருகித் திருகிச் சரிசெய்வார். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

படைவீரர்களுக்கு இந்த வசதி நம் நாட்டில் புதியது அல்ல. முதல் உலகப் போரில் ஊனமடைந்த சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க 1917இல் பம்பாயில் குவீன் மேரி தொழிற்பள்ளி தொடங்கப்பட்டது. அது பிற்பாடு பூனாவுக்கு அருகே கிர்க்கிக்கு மாறியது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1944இல், பூனாவில் இராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் அமைக்கப்பட்டது. 1962, 1965, 1971 போர்களிலும், 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப் படையிலும், 1999 கார்கிலிலும் கால் இழந்தவர்கள் நடக்க வேண்டியிருந்தது. 1971இல் கண்ணிவெடியில் சிதைந்த தன் காலைத் தானே குக்ரி கத்தியால் வெட்டிக்கொண்ட இயன் கார்டோசோ, செயற்கைக் காலோடு பட்டாலியனுக்கும் பிரிகேடுக்கும் தலைமை தாங்கி மேஜர் ஜெனரலாக உயர்ந்தார். 1999இல் கால் இழந்த மேஜர் டி. பி. சிங் தொலைதூர ஓட்டங்களில் ஓடினார். பத்திரிகைகளில் நீங்கள் படித்திருப்பீர்கள்.

எங்களிடம் வருகிறவர்களில் மாரத்தான் ஓடுகிறவர் எவருமில்லை. விடியற்காலையில் வரப்பில் போய் மோட்டார் போட்டு வர வேண்டும், பேருந்துப் படி ஏற வேண்டும், பேத்தியின் சடங்கில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பார்கள். மேல்நாட்டில் செய்த பாதங்கள் பெரும்பாலும் ஷூ போட்டு நடக்கிறவர்களை நினைத்துச் செய்தவை. வெறுங்காலோடு வீட்டுக்குள் போகிறவனை, சேற்றில் இறங்குகிறவனை, சம்மணம் போடுகிறவனை மனதில் வைத்து 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும் சிற்பக் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து ஒரு ரப்பர் பாதம் உண்டாக்கினார்கள். அதுதான் ஜெய்ப்பூர் கால். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அந்தக் கைவினைஞரை இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது.

சரி, கால் கிடைத்துவிட்டது. மாலை போட்டுப் படம் எடுத்தாயிற்று. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு ஸ்டம்ப் வீங்கியிருக்கும். மாதங்கள் போகப் போக வீக்கம் வடியும். வேலையில்லாத தசை சுருங்கும். முதல் வருஷத்தில் அது அடிக்கடி உருமாறும். சாக்கெட்டோ உருமாறாது. நேற்றுப் பொருந்திய கிண்ணத்தில் இன்று கால் மூழ்கிப்போய் எலும்பு அடியில் இடிக்கிறது. முதலில் ஒரு பருத்தி உறை கூட்டிப் போட்டுக்கொள்ளலாம், பிறகு இரண்டு. அதற்கும் மேலே போனால் மறுபடியும் மாவுக்கட்டு, மறுபடியும் சிலை, மறுபடியும் சாக்கெட். பூனாவில் நேர்த்தியாகச் செய்து கொடுத்த கால்தான். ஆனால் பூனா இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வளவனூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற மனிதர் என்ன செய்வார்? பழைய வேட்டியைக் கிழித்து உள்ளே திணிப்பார். துணி மடிப்பு தோலை அறுக்கும். புண் வரும். காலைக் கழற்றிப் பரண்மேல் வைத்துவிட்டுக் கோலூன்றுவார். பரண்மேல் இருக்கும் கால்களை எங்கள் வீடு சந்திப்புகளில் நிறையப் பார்த்திருக்கிறோம். ஒவ்வொன்றும் யாரோ நல்ல மனதோடு கொடுத்தது.

பட்டாளத்துக்காரர்களிடம் இன்னொரு சங்கடம். அவர்கள் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். காலை எட்டு மணிக்கு வரச்சொன்னால் ஏழரைக்கே சவரம் செய்து, மடித்த சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். "எப்படி இருக்கிறது ஐயா?" என்றால், "டீக் ஹை, சார்!" என்று பரேடில் சொல்வதுபோல் ஒரே பதில். வலியைச் சொல்லாமலிருக்க வருஷக்கணக்காய்ப் பயிற்சி பெற்றவர்கள் அல்லவா! எங்கள் தம்பி அந்தப் பதிலை ஏற்றுக்கொள்வதில்லை. காலைக் கழற்றச் சொல்லி, தோலில் சிவந்திருக்கும் இடங்களைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தையும் பார்ப்பார். பத்து நிமிஷத்தில் சிவப்பு மறைந்தால் சரி. மறையாவிட்டால் சாக்கெட் அங்கே கடிக்கிறது. அப்படியும் சந்தேகம் இருந்தால் கூட வந்த அம்மாவிடம் திரும்புவார். ஒருமுறை ஒரு ஹவில்தாரின் மனைவி சொன்னதை நாங்களே கேட்டோம்: "அவர் சொல்லுவாரா தம்பி? ராத்திரி லைட்டை அணைச்சிட்டு எண்ணெய் தேய்ச்சிக்கிறாரு. நான் தூங்கறேன்னு நெனப்பு." ஹவில்தார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தச் சாக்கெட்டின் ஒரு பக்கத்தைச் சூடேற்றி அகலப்படுத்தினார்கள்.

எங்கள் பங்கு பெரும்பாலும் அந்தப் பெஞ்சில்தான். இல்லாத பாதம் வலிக்கிறது என்பதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு எங்களிடம் சொல்வார்கள். "பெருவிரலை யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கிறது, ஆனால் விரலே இல்லை; எனக்குப் புத்தி பிசகிவிட்டதா?" என்று ஒரு சுபேதார் கேட்டார். இல்லை என்று தயக்கமின்றிச் சொன்னோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வெய்ர் மிட்செல் என்கிற டாக்டர் அந்தக் காலத்திலேயே இதைப் பற்றி எழுதினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து இதற்கு ஒரு வழி காட்டினார். நல்ல கால் கண்ணாடியில் தெரியும்போது, இல்லாத கால் இருப்பதுபோல் மூளைக்குத் தோன்றும். அதை நீட்டி மடக்கினால் முறுக்கு இளகும். எல்லாருக்கும் பலிப்பதில்லை, சிலருக்குப் பலிக்கிறது. எங்கள் பட்டறையிலும் ஒரு நிலைக்கண்ணாடி சுவரில் சாய்ந்திருக்கிறது. செலவு அந்தக் கண்ணாடிக்கு மட்டும்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று எங்களிடம் வருகிற முன்னாள் படைவீரர்களில் பலர் போர்க்களத்தில் காலை இழந்தவர்கள் அல்ல. எல்லையில் ஒரு கீறலும் படாமல் ஊர் திரும்பி, சர்க்கரை வியாதியால் இழந்தவர்கள். திருச்சி நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் போய் இழந்தவர்கள். சர்க்கரையால் ஒரு காலை இழந்தவருக்கு மற்றக் காலைக் காப்பதே முதல் வேலை. உணர்ச்சியற்ற பாதத்துக்குச் செருப்பே மருந்து என்பதை நம் மிஷன் மருத்துவமனைகள் நெடுநாளாக அறிந்திருக்கின்றன. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும், கரிகிரியில் இருந்தவர்களும் குஷ்டரோகிகளின் பாதங்களுக்காக நுண்ணறை ரப்பரில் செருப்புச் செய்வித்தார்கள். அதே ரப்பர்தான் இன்று எங்கள் ஹவில்தார்களின் மீதிப் பாதத்தைத் தாங்குகிறது. 1954இல் விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்தே வேலூரின் மறுவாழ்வுப் பணியைக் கட்டியெழுப்பினார் என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அரசாங்கம் கொடுக்கிறதே என்பீர்கள். கொடுக்கிறது. 2003 ஏப்ரல் முதல் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் நடக்கிறது. பட்டாளத்துக்காரர்கள் இசிஹெச்எஸ் என்பார்கள். ஓய்வூதியம் பெறுகிறவர் அதில் சேர்ந்து பாலிகிளினிக்கில் சீட்டு வாங்கி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குப் போகலாம். நல்ல திட்டம், உரிமையுள்ளவரை நாங்கள் முதலில் அங்கேதான் அனுப்புகிறோம். ஆனால் 15 ஆண்டு நிறைவாகாமல் ஓய்வூதியம் இன்றித் திரும்பிய சிப்பாய்க்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. திறந்தாலும், உறை மாற்றவும் பட்டை அறுந்தால் தைக்கவும் ஒவ்வொரு முறையும் சீட்டுக்காக அலைய எழுபது வயதுக்காரருக்குத் தெம்பில்லை.

இப்போது காபி நேரத்துக் கேள்விக்கு வருவோம். ஒரு காலுக்கு எவ்வளவு ஆகும்? எந்தக் காலுக்கு என்று நாங்கள் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வயதில் கால் இழந்தவர் எழுபத்தைந்து வரை இருந்தால், கவனமாக வைத்துக்கொண்டாலும் பத்துக் கால்கள் தேவைப்படலாம். இடையில் எத்தனையோ சாக்கெட்டுகள், உறைகள், பட்டைகள். தாவீது ராஜா இரண்டு காலும் முடமான மேவிபோசேத்துக்கு ஒரு விருந்து வைத்து அனுப்பிவிடவில்லை. நித்தமும் பந்தியில் இடம் கொடுத்தார். எங்கள் செவ்வாய்க்கிழமைப் பிரிவு அப்படிப்பட்ட பந்தி. ஆகவே "என் பேரில் ஒரு கால்" என்பதற்குப் பதிலாக, "என் பேரில் ஒருவருடைய மூன்று வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகள்" என்று கொடுக்கும்படி கேட்கிறோம். அதில் பேருந்துச் சத்தம் அடங்கும். துணைக்கு வருகிற அம்மாவின் மதியச் சாப்பாடு அடங்கும். ஆறு பருத்தி உறைகள், ஒரு புதுச் சாக்கெட், தம்பியின் சம்பளத்தில் ஒரு துளி அடங்கும். படம் எடுக்க அழகாக இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பணம் கொடுக்க இயலாதவர்கள் இன்னொன்று செய்யலாம். உங்கள் தெருவில் கோலூன்றி நடக்கிற மிலிட்டரிக்காரர் யாரென்று உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அவர் எந்த மதத்தவராயிருந்தாலும் அழைத்து வாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய உத்தரவின் நகலையும் எடுத்துவரச் சொல்லுங்கள். உரிமை ஏதாவது விட்டுப்போயிருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நாங்கள் கடிதம் எழுதித் தருவோம். பரண்மேல் இருக்கிற பழைய காலையும் கட்டாயம் கொண்டுவரச் சொல்லுங்கள். உடைந்திருந்தாலும் பரவாயில்லை. அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எங்கே விரிசல் விட்டிருக்கிறது, உள்ளே என்ன துணி திணித்திருக்கிறது என்று பார்த்தாலே, அவர் வாய் திறந்து சொல்லாத பாதியைத் தம்பி தெரிந்துகொள்வார்.