மின்கிட்டாருக்கு வீட்டில் மெருகேற்றல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழ்ச் சங்கத்து மேடையில் குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ உரையாற்றுதல் மரபு. நாம் எடுத்துக்கொண்ட பொருளோ பழைய மின்கிட்டார் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே மெருகேற்றுவது பற்றியது. இஃதென்ன விந்தை என்று சிலர் எண்ணுதல் கூடும். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் இல்லங்களுக்குள் சென்று பார்த்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். பாட்டியார் சீராகக் கொண்டுவந்த வீணை உறையிட்டுச் சாத்தியிருக்கும் மூலையிலேயே பேரனின் கிட்டாரும் சாய்ந்து நிற்கிறது. பாலக்கொல்லையில் பிறந்த மாண்டலின் சீனிவாசன் மின்மாண்டலினில் கருநாடக இசையை வாசித்துக் காட்டிய பின்னும், இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா கிட்டாரிலேயே கீர்த்தனைகளை வாசித்துவரும் இந்நாளிலும், அக்கருவியை அயலது என்று ஒதுக்க நமக்கு உரிமை இல்லை.

அக்கிட்டார்களுட் பெரும்பாலன பழைய கருவிகள். ஒருவர் கைமாறி மற்றொருவர் கைக்கு வந்தவை. பூச்சு உரிந்திருக்கும்; வெடித்திருக்கும்; நிறம் மங்கியிருக்கும். விடுமுறை வந்ததும் பிள்ளைகள் உப்புத்தாளும் தெளிப்பு வண்ணமும் வாங்கிவந்து, இருக்கின்ற ஒரே அறையில் வேலையைத் தொடங்க முனைகின்றனர். அந்த அறையிலேதான் அடுப்பு எரிகிறது. சாமி படத்தின் முன் விளக்கும் எரிகிறது. தொட்டிலில் குழந்தையும் உறங்குகிறது. ஆகவே, இப்பணியைச் செய்யலாமா, செய்வதாயின் எவ்வாறு என்பதை இங்கே எடுத்துரைப்பது கடமை என்று கருதினோம்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிதல் வேண்டும். வீணையின் நாதம் பலாமரக் குடத்தில் பிறக்கிறது. மின்கிட்டாரின் உடலோ பெரும்பாலும் குடைவில்லாத கட்டைப் பலகை. எஃகுத் தந்தி அதிர, அதன் கீழுள்ள காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் அவ்வதிர்வை மின்னோட்டமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றன. அச்சுருளுக்குப் பிக்கப் என்று பெயர். ஆதலின் பலகையின் மேல் எந்த மெருகு பூசினாலும் ஒலியில் பெரும் மாற்றம் நேராது என்பதே எங்கள் துணிபு. இதற்கு மறுப்பாக இளைஞர்கள் பீட்டில்ஸ் குழுவினரைச் சான்று காட்டுவர். அக்குழுவினர் 1968-ஆம் ஆண்டில் ரிசிகேசம் வந்து திரும்பியபின், சான் லெனனும் சார்சு ஆரிசனும் தங்கள் எபிபோன் காசினோ கிட்டார்களின் மேற்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டனர். அதன் பின்னர் அவை இனிதாக ஒலித்தன என்று ஆரிசன் கூறியதும் உண்டு. ஆயின் காசினோ உள்ளீடற்ற உடலுடையது; நம் வீணைக்கு ஓரளவு உறவு. அதற்குப் பொருந்துவது கட்டைக் கிட்டாருக்கும் பொருந்தும் என்று கொள்ளுதல் முறையன்று.

அந்த ஆரிசன் நம் நகருக்கும் வந்தவர்தாம். 1966-இல் இங்குத் தங்கிப் பண்டிட் இரவிசங்கரிடம் சிதார் பயின்றார். 1968 சனவரியில் இங்குள்ள எச்.எம்.வி. ஒலிப்பதிவுக் கூடத்தில் திரைப்பட இசையொன்றைப் பதிவு செய்தார். இவ்விரு வருகைகளுக்கும் இடையே, 1967-இல், நீலநிறமாயிருந்த தம் ஃபெண்டர் கிட்டாருக்குத் தம் கையாலேயே பல நிறங்களில் ஒளிரும் வண்ணம் தீட்டினார். வண்ணத்தோடு மனைவியாரின் நகப்பூச்சையும் எடுத்துப் பூசிக்கொண்டாராம்! அவ்வாண்டு சூன் 25-ஆம் நாள் செயற்கைக்கோள் வழியாகப் பல நாடுகளுக்கு ஒளிபரப்பான நிகழ்ச்சியில் உலகமே அக்கிட்டாரைக் கண்டது. வீட்டிலே வண்ணம் தீட்டிய கிட்டார்களுள் அதனினும் புகழ்பெற்றது வேறொன்று இல்லை எனலாம்.

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. அயர்லாந்து நாட்டு இசைஞர் ரோரி கேலகர், 1961-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஃபெண்டர் கிட்டார் ஒன்றை 1963-இல் கார்க் நகரில் நூறு பவுனுக்கு வாங்கினார். அவருடைய வியர்வை பட்டுப்பட்டே அதன் பூச்சு பெரும்பகுதி கரைந்து மரம் வெளியே தெரிந்தது. அவரோ 1995-இல் மறையும்வரை அதற்கு மறுபூச்சுக் கொடுக்கவில்லை. 2024-இல் அது எட்டு லட்சம் பவுனுக்கு மேற்பட்ட விலைக்கு ஏலம் போய், அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்திற்கென்று வழங்கப்பட்டது. நம் வீட்டுக் கிட்டாருக்கு அவ்விலை வரப்போவதில்லை என்பது வேறு. ஆயினும் தேய்ந்த இடமெல்லாம் கெட்ட இடம் என்று எண்ணிச் சுரண்டத் தொடங்குமுன் ஒரு நாழிகை சிந்திப்பது நன்று. பழைய பூச்சு உறுதியாயிருந்து கீறல் மட்டுமே கண்டிருந்தால், உரித்தல் வேண்டா. ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் எண் கொண்ட வாட்டர் பேப்பரால், திருகுத் துளைகளுள் நீர் இறங்காதவாறு சிறிதே நனைத்துத் தேய்த்து, மோட்டார் வண்டிக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டைத் துணியில் தொட்டு மெருகிட்டால் போதும். பாதிக் கிட்டார்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

பூச்சை மாற்றியே தீரவேண்டும் என்றால், இருக்கும் பூச்சு எதுவென முதலில் அறிதல் வேண்டும். கழுத்து பொருந்தும் பள்ளத்திலோ மேல்தகட்டின் அடியிலோ மறைவான இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட்டைத் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அஃது அரக்கு. அதற்கு அசையாமல், தின்னர் பட்டு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ். இரண்டுக்கும் அசையாது நின்றால் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர். இக்காலத்து மலிவுக் கிட்டார்களில் இருப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது. கண்ணாடி ஓடு போன்று தடித்திருக்கும். அதை உரித்தால் உள்ளே அழகிய மரம் காத்திருக்கும் என்று கனவு காணவேண்டா. ஒரே நிறமாகப் பூசிய கிட்டாருள் துண்டுதுண்டாக ஒட்டிய பலகையே இருத்தல் கூடும்; ஒட்டுப்பலகையாயின் உப்புத்தாள் மேலடுக்கையே தின்றுவிடும். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருத்தலும் உண்டு. ஆகவே வண்ணத்தைத் தேய்ப்பதாயின் நனைத்தே தேய்த்தல் வேண்டும். தூள் வீட்டினுள் பறக்கலாகாது.

நைட்ரோசெல்லுலோஸ் வந்த வழி சுவையானது. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் அதனை டூகோ என்னும் பெயரில் மோட்டார் வண்டிகளுக்கென்று உருவாக்கியது. 1923-இல் செனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் தம் ஓக்லண்ட் வண்டிகளுக்கு அதனைப் பூசினர். அதற்குமுன் ஒரு வண்டிக்கு வண்ணம் பூசி உலர்த்த வாரக்கணக்கில் ஆனது. பின்னர் மணிக்கணக்கில் முடிந்தது. வண்டிக்கு வந்ததையே ஃபெண்டர் நிறுவனத்தார் கிட்டாருக்கும் எடுத்துக்கொண்டனர். அவர்களுடைய ஃபியஸ்டா ரெட் என்னும் சிவப்பு, 1956-ஆம் ஆண்டு ஃபோர்டு தண்டர்பேர்டு வண்டியின் சிவப்பேயாகும். இன்றும் இந்நகரத்து மரவேலைக்காரர்கள் அலமாரிக்கு நிறம் தெளிப்பதை 'டூகோ அடித்தல்' என்றே சொல்கிறார்கள்.

ஆனால் அன்பர்களே, அதே நைட்ரோசெல்லுலோஸ்தான் வெடிபஞ்சும் ஆயிற்று. தீப்பற்றி எத்தனையோ திரையரங்குகளை எரித்த பழைய படச்சுருளும் ஆயிற்று. அதனைக் கரைக்கும் தின்னரின் ஆவி காற்றினும் கனமானது. மேலே எழும்பிக் கலையாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். கதவோரத்தில் தெளித்தால் அடுத்த அறை விளக்கைத் தேடிப் போய்த் தீயைக் கூட்டிவரும். சுவரோடு சுவர் சேர்ந்த நம் குடியிருப்புகளில் ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. இரண்டு குப்பிகளாக வாங்கிக் கலந்து தெளிக்கும் பாலியூரித்தேனில் உள்ள ஐசோசயனேட்டு என்னும் பொருளோ நுரையீரலைத் தாக்கி ஈளை நோயை வருவிக்க வல்லது. துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வது அதற்குக் காப்பாகாது. ஆகவே இவ்விரண்டையும் வீட்டில் தெளிக்கவே கூடாது. வேண்டுவோர் பட்டறைக்குக் கொடுத்துவிடலாம் என்பதை எவ்விதத் தயக்கமுமின்றிச் சொல்கிறோம்.

பின் வீட்டில் செய்யத்தக்கது யாது? அரக்கு!

அரக்குச் சேலையை அறியாத தாய்மார் இங்கு இலர். அஞ்சலில் வரும் பொதிகளுக்கு அரக்கு முத்திரையிட்ட காலத்தைப் பெரியவர்கள் அறிவர். புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் நுண்ணிய பூச்சிகள் சுரந்து உறையவைத்த பிசினே அஃது. இன்றைய சார்க்கண்டு, சத்தீசுகர் காடுகளில் பழங்குடி மக்கள் அதனைத் திரட்டுகின்றனர். ராஞ்சிக்கு அருகே நாம்குமில் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் 1924-இல் நிறுவப்பட்டது. இசைக்கும் அரக்குக்கும் உள்ள உறவோ நெருங்கியது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டுகளுட் பெரும்பாலன அரக்கு கலந்து செய்யப்பட்டவை. மின்கிட்டார் வாசிப்பை இந்நாட்டு வீடுகளில் முதன்முதல் பரப்பியவர்களுள் ஒருவர், இலக்னோவிலிருந்து வந்து இப்பம்பாயிலேயே வாழ்ந்த வான் சிப்லி. திரைப்பாடல்களைக் கிட்டாரில் வாசித்துத் தந்தவர். அவருடைய தொடக்ககால இசை நம்மிடம் வந்து சேர்ந்ததும் அரக்குத் தட்டின்மேல் ஏறித்தான்.

இனிச் செய்முறை. தந்திகளைக் கழற்றுக. கம்பிகள் எங்கெங்கே பற்றவைக்கப்பட்டுள்ளன என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு பிக்கப்புகளை எடுத்து உறையிலிட்டுத் தொலைவில் வைக்க. எஃகு நாரால் தேய்ப்பார் உளர். அதன் பொடியைக் காந்தம் இழுத்துக்கொண்டு பின் விடாது. ஆதலின் உப்புத்தாளே தக்கது. மரம் தெரியும் இடங்களை நூற்றெண்பதில் தொடங்கி முந்நூற்றிருபது வரையிலான தாள்களால் மரத்தின் ஓட்டத்தோடு தேய்க்க. கழுத்துப் பள்ளத்தில் மட்டும் எதனையும் தடிமனாகப் பூசலாகாது. பூசினால் கழுத்து மீண்டும் பொருந்தாது. கருமரத்து மெட்டுப்பலகைக்கு மெருகு வேண்டா. ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்தால் போதும்.

ஐம்பது கிராம் அரக்குச் செதில்களை முந்நூறு மில்லி ஸ்பிரிட்டில் இட்டு ஓரிரவு ஊறவைத்து மெல்லிய துணியில் வடிகட்டுக. இவ்விடத்தே ஓர் எச்சரிக்கை. பாலிஷுக்கு விற்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் என்னும் கொடிய நஞ்சு கலந்திருக்கும். 2015 சூனில் இந்நகரின் மால்வணிப் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரைக் குடித்த கள்ளச்சாராயத்தில் இருந்ததும் இம்மெத்தனாலே. ஆகையால் தண்ணீர்க் குப்பியிலோ குளிர்பானக் குப்பியிலோ அதனை ஊற்றி வைத்தல் பெருங்குற்றம். தகர டப்பாவில் அடைத்து, பெயரெழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க. ஸ்பிரிட்டும் எரியக்கூடியதே. அரக்கு மாளிகைக் கதை நமக்குப் புதிதன்று! அடுப்பையும் விளக்கையும் அணைத்து, சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டே தொடங்குதல் வேண்டும். ஆயினும் கையளவு துணியில் தோய்ப்பதற்கும் அறை முழுதும் தெளிப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

பஞ்சை உருட்டி, பலமுறை துவைத்து நைந்த வேட்டித் துண்டில் பொதிந்து பொட்டலியாகக் கட்டுக. அரக்கு நீரைப் பஞ்சுக்குள் ஊற்றி, துணியின் வழியே கசிகின்ற அளவில், வட்டமாகவும் எட்டு வடிவாகவும் இழுக்க. ஓரிடத்தில் நின்றுவிடலாகாது, நின்றால் முன்பூசியது கரைந்து தழும்பாகும். பொட்டலி ஒட்டினால் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு. ஒவ்வொரு பூச்சும் காகிதத்தினும் மெல்லியது. நாளுக்கு நான்கைந்து பூச்சாகப் பத்து நாள் செய்தால் ஒளி ஏறும். வீணைக்கு மெருகிடுவோரின் பொறுமை இதற்கும் வேண்டும். பொறுமையில்லாதவர் இவ்வேலையில் இறங்காதிருத்தலே நலம்.

பருவம் பார்த்தல் இன்றியமையாதது. சூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் காற்றில் நீர் நிறைந்திருக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து அந்நீரை இழுத்துக்கொள்ளும். மெருகு வெண்மையாகப் பூத்துவிடும். திசம்பர் முதல் பிப்ரவரி முடிய உள்ள நாட்களே ஏற்றவை. வெயிலில் வைத்து விரைவில் உலர்த்த முயலாதீர்கள். மெட்டுகளைத் தாங்கும் மெழுகு இளகிவிடும் என்று வீணையை வெயிலில் வைக்காத குடும்பங்கள் அல்லவா நம்முடையவை? கிட்டாரின் அரக்குக்கும் வெயில் ஆகாது.

அரக்கிலும் குறை உண்டு. வாசிப்பவரின் முழங்கை அமரும் இடம் வியர்வையால் விரைவில் மங்கும். மது சிந்தினால் கரையும். ஆனால் புதிய பூச்சு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடுவதால், மங்கிய இடத்தை மட்டும் ஆண்டுக்கொருமுறை தொட்டுச் சீராக்கலாம். பாலியூரித்தேனில் இது கைகூடாது. கடையில் வாங்கிய கண்ணாடிப் பளபளப்பை எதிர்பார்ப்பவர்க்கு அரக்கு நிறைவளிக்காது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கடைசிப் பூச்சு முடிந்தபின் மூன்று வாரம் தொங்கவிட்டு வைக்க. அதற்குமுன் உறையிலிட்டால் துணியின் நெசவு மெருகில் பதிந்துவிடும். நிறுத்தும் தாங்கியில் ரப்பர் இருப்பின் அதன்மேல் பருத்தித் துணி சுற்றிக்கொள்க. பின்னர்ப் பிக்கப்புகளைப் படத்தைப் பார்த்துப் பற்றவைத்து, புதுத் தந்தி கட்டிச் சுருதி சேர்க்கலாம். மேற்கொண்டு ஐயமுள்ள இளைஞர்கள் இடைவேளையில் எங்களிடம் கேட்கலாம். பொட்டலி கட்டும் முறையைச் செய்தே காட்டுவோம்.