பிணம் பேசிற்று!



மருத்துவம் கற்றவனல்லன் நான். கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். நாடகம் எழுதுகிறவன். "வீழ்ந்தான், மாண்டான்" என்று ஒரே வரியில் எத்தனையோ பேரை மேடையிலே சாகடித்திருக்கிறேன். எப்படி மாண்டான் என்று எவரும் கேட்டதில்லை. திரை விழுந்ததும் மாண்டவரே எழுந்து தேநீர் கேட்பார்! ஆனால், காவற்கூடத்திலே ஒருவன் மாண்டால் அந்த ஒரு வரி போதுமா? போதும் என்றே எண்ணிற்று, தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் அரசு.

ஸ்டீவ் பிக்கோ! வயது 30. கறுப்பின மக்களின் நெஞ்சிலே தன்மானத் தீ மூட்டிய தலைவன். 1977 ஆகஸ்ட் 18-ல் பிடிபட்டான். போர்ட் எலிசபெத் நகரிலே ஆடை களைந்து, விலங்கிட்டு வைத்தனர். செப்டம்பர் 11-ல், ஆடையற்ற உடலை வண்டியிலே கிடத்தி, 1,000 கிலோமீட்டருக்கு மேல், பிரிட்டோரியா வரை ஓட்டிச் சென்றனர். மறுநாள் பிணமானான்.

நீதி அமைச்சர் க்ரூகர் செப்பினார்: "5-ஆம் தேதியிலிருந்து உண்ண மறுத்தவன்!" அந்தச் சாவு தம் உள்ளத்தைத் தொடவில்லை என்று கட்சி மாநாட்டிலே கூறினார், கூடியிருந்தோர் நகைத்தனர்.

ஏழு நாள் உணவில்லையேல் முப்பது வயதுக் காளை மாள்வானா? பட்டினியால் சாவோர் உடலிலே கொழுப்பு கரைந்திருக்கும், தசை வற்றியிருக்கும். பொய்யுரைக்க நாவு வேண்டும். பிணத்துக்கு அது இல்லையே! அரசு நோய்க்கூறு வல்லுநர் லூப்சர் உடலை அறுத்தாய்ந்தார். குடும்பத்தார் சார்பிலே மருத்துவர் க்ளக்மன் உடனிருந்தார். இதைக் கவனியுங்கள் தோழர்களே! அந்த மேசையருகே அரசின் கண்ணோடு இன்னொரு கண்ணும் இருந்தது. கண்டது என்ன? மூளையிலே காயம்! பட்டினி எங்கே, மூளைக் காயம் எங்கே?

காயத்துக்கு வயது உண்டு. அடிபட்ட இடத்திலே குருதி கசியும். பிறகு வெள்ளணுக்கள் வந்து சேரும். நாட்கள் சில சென்றபின் குருதியின் இரும்பு நிறமியாய்ப் படியும். மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியிலே வைத்தால், அடி இன்று விழுந்ததா, முன்னரே விழுந்ததா என்று கணிக்கலாம்.

அமைச்சரின் பட்டினிக் கதை மடிந்தது. காவலர் கதை பிறந்தது! கைகலப்பிலே அவனே சுவரில் மோதிக்கொண்டானாம்! இங்கேதான் அந்த அறிவியலின் எல்லையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிணம் காயத்தைக் காட்டும்; அடித்த கையின் பெயரைச் சொல்லாது. பெயரைக் கேட்க வேண்டியது நீதிமன்றம். பிக்கோ குடும்பத்தின் வழக்கறிஞர் கென்ட்ரிட்ஜ் துருவித் துருவிக் கேட்டார். 1977 டிசம்பர் 2-ல் தீர்ப்பு: குற்றவாளி என எவரையும் சொல்வதற்கில்லை!

உயிரோடிருந்தபோதே அவன் முதுகுத்தண்டு நீரிலே செவ்வணுக்கள் தெரிந்தன. தெரிந்தும், அந்த நெடும்பயணத்துக்கு இசைவு தந்தார் அரசு மருத்துவர் டக்கர். அவர் மருத்துவப் பதிவை இழந்தது எப்போது? 1985-ல்! காவலர்கள் மன்னிப்பு வேண்டி உண்மை ஆணையத்தின் கதவைத் தட்டினர், 1999-ல் மறுக்கப்பட்டது.

க்ளக்மன் என்ன செய்தார்? அறுத்தாய்ந்த பிணங்களின் கோப்புகளைச் சேர்த்து வைத்தார். 1992-ல் ஏடுகளுக்கு அவற்றைத் திறந்து காட்டினார். காவலிலே மாண்டோர், ஏறத்தாழ 200 பேர்! பெரும்பாலோரைக் கொன்றது காவல்துறையே என்றார்.