திடலுக்குத் திரும்பும் வழி



பரிசளிப்பு விழா என்றால் உழைப்பைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவது வழக்கம். இன்று என்னால் அப்படி இறங்க முடியாது. நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற ஒரு சொல்லை இந்த ஒலிபெருக்கியில் சொல்ல வந்திருக்கிறேன். கஞ்சா. விளையாட்டுக்காரப் பிள்ளைகளும் கஞ்சாவும், அவர்கள்மேல் நடக்கும் சோதனையும், அந்தச் சோதனைக்குப் பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதும்தான் என் பேச்சு.

இதைப் பேச நம் கெடா மாநிலப் பீடோங்கைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. ஜப்பான்காரன் போன கையோடு இந்த வட்டாரத் தோட்டங்களில் இளைஞர்கள் தொண்டர் படையாகத் திரண்டார்கள். ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமை ஏற்றார். சீருடை போட்டார்கள், அணிவகுத்தார்கள், உடம்பைப் பழக்கினார்கள். பால்மரம் வெட்டிச் சேர்த்த கூலி கள்ளுக்கடையில் கரைவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களால் முடியவில்லை. 1947 பிப்ரவரியில் இதே பீடோங்கில் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டு வந்தார்கள். போலீஸ் வந்தது. அடி விழுந்தது, கைது நடந்தது. அந்தப் போராட்டத்தில் கெடாத் தோட்டத் தொழிலாளர்கள் உயிரையும் கொடுத்தார்கள்.

அவர்களில் பலர் பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவர்கள். ஆனால் ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போதை ஒருவனைப் பிடித்தால் அவன் வீட்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆகவே அவனை மீட்கவும் ஊர் சேர்ந்துதான் போக வேண்டும். எழுபது எண்பது ஆண்டுக்கு முன் லயத்து வீட்டில் இருந்தவர்களுக்குப் புரிந்தது, இன்று கல்வீட்டில் இருக்கும் நமக்கு மறந்துபோனதா?

நண்பர்களே, நம் பிள்ளைகளின் கால்களில் வலு இருக்கிறது. சுங்கைப் பட்டாணியில் பிறந்த சிவசங்கரி இதற்குச் சாட்சி. 2022இல் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து கிடந்த பெண், மறு ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்குவாஷ் தங்கத்தோடு நின்றாள். நம் பெண், நம் ஊர்ப் பெண். இந்த மண்டபத்திலும் அப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளை நாளை மாநிலத்துக்கு ஓடும், மலேசிய விளையாட்டுப் போட்டியான சுக்மாவுக்குப் போகும். அங்கே ஒரு நாள், பந்தயம் முடிந்து மூச்சு வாங்கும் நேரத்தில், ஓர் அதிகாரி வந்து தோளைத் தொட்டு அழைப்பார்.

அந்த அறையில் என்ன நடக்கும் என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். மூடி முத்திரையிட்ட பெட்டிகள் இருக்கும். ஒன்றை நீயே தேர்ந்தெடுக்க வேண்டும். உன் பாலைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் கூடவே வந்து, நீ சிறுநீர் கொடுப்பதை நேரில் பார்ப்பார். குறைந்தது 90 மில்லிலிட்டர் வேண்டும். வரவில்லை என்றால் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டும். அதை ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு குப்பிகளில் நீயே ஊற்றி, நீயே திருகி மூட வேண்டும். மூடினால் கட்கட்கட் என்று சத்தம் வரும். அதன்பிறகு உடைக்காமல் அதைத் திறக்க முடியாது. முதல் குப்பியில் குற்றம் தெரிந்தால், இரண்டாவது குப்பியைத் திறந்து பார்க்கச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது கூச்சமான இடம்தான். ஆனாலும் நேர்மையாக ஓடியவனுக்குக் காவல் அந்தக் குப்பிதான்.

சோதனையை எதிரியாகப் பார்க்காதீர்கள். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய நம் டாக்டர் மணி ஜெகதீசன், ஓட்டத்தை நிறுத்திய பிறகு ஆசிய விளையாட்டுக்கும் காமன்வெல்த் விளையாட்டுக்கும் மருத்துவப் பொறுப்பில் இருந்து இந்தச் சோதனைகளை நடத்தியவர்களில் ஒருவர். ஓடத் தெரிந்தவருக்குத்தான் திருட்டு ஓட்டத்தின் வலி தெரியும்.

தம்பிகளே, இனி விதியைக் கேளுங்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப்பட்டியலில் கஞ்சா இருக்கிறது. அது போட்டிக் காலத் தடை. போட்டிக்கு முந்தைய இரவு 11:59 மணிக்கு அந்தக் காலம் தொடங்குகிறது. சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 15 நானோகிராம் என்றிருந்த வரம்பை 2013இல் 150 ஆக உயர்த்தினார்கள். ‘அப்படியானால் போட்டி இல்லாத நாளில் இழுக்கலாமே’ என்று சில பையன்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு உன் உடம்புக்குத் தெரியாது, தம்பி. கஞ்சாவின் போதைப்பொருள் கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். புகை கலைந்து, போதை தெளிந்து, நீயே மறந்த பிறகும் உடம்பு அதைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடும். தொடர்ந்து பிடிப்பவனுக்கு வாரக்கணக்கில் தெரியும்.

இன்னொரு கணக்கும் காதில் விழுகிறது. ‘அமெரிக்காவில் விட்டுவிட்டார்களே, சார்!’ என்கிறார்கள். உண்மைதான். அங்கே பேஸ்பால் சங்கம் 2019 கடைசியிலும், என்பிஏ கூடைப்பந்து 2023இலும் கஞ்சாவைத் தங்கள் தடையிலிருந்து எடுத்துவிட்டன. நமக்குப் பக்கத்திலேயே தாய்லாந்து 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025இல் மறுபடி கட்டுப்பாடு போட்டது. இங்கிருந்து புக்கிட் காயு ஹித்தாம் எவ்வளவு தூரம்? வார இறுதியில் எல்லை தாண்டி டானோக் போய் வருவது நமக்குப் பெரிய பயணமா? ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் சட்டம் வேறு. 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, உட்கொண்டதற்கே ஐயாயிரம் வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ உண்டு. 200 கிராம் கையில் இருந்தால் கடத்தல்காரன் என்றே சட்டம் அனுமானிக்கும். கட்டாய மரண தண்டனையை 2023இல் எடுத்துவிட்டாலும், தூக்குக் கயிறு சட்டத்தில் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ‘இந்தப் பையைக் கொஞ்சம் வைத்திரு’ என்று கூட்டாளி கொடுப்பதை வாங்கி வைக்கிறாயே, அது என்ன எடை என்று உனக்குத் தெரியுமா?

கஞ்சா அடித்தால் வேகமாக ஓடலாமா என்று கேட்பீர்கள். எந்தக் கடிகாரமும் அப்படிச் சொல்லவில்லை. கவனம் சிதறும், கை கால் சொன்ன நேரத்துக்கு அசையாது. பிறகு ஏன் தடை என்ற வாக்குவாதம் உலகம் முழுக்க நடக்கிறது. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் கனடா நாட்டு ராஸ் ரெபக்லியாட்டியிடம் தங்கத்தைப் பறித்தார்கள். அன்றைய பட்டியலில் கஞ்சா தெளிவாக இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். 2021இல் அமெரிக்காவின் ஷகாரி ரிச்சர்ட்சன், ஒலிம்பிக் தேர்வு ஓட்டத்தில் 100 மீட்டரை 10.86 வினாடியில் ஓடி முதலில் வந்தாள். பெற்ற தாய் இறந்த செய்தியை ஒரு செய்தியாளர் வாய்வழி கேட்டவள் அவள். அந்தத் துக்கத்தில் கஞ்சாவைத் தொட்டாள், சோதனையில் பிடிபட்டாள், டோக்கியோவுக்குப் போக முடியவில்லை. அதன்பிறகு வாடா ஓர் ஆண்டு ஆராய்ந்து, தடை தொடரும் என்று 2022இல் முடிவு சொன்னது.

அவளுக்குக் கிடைத்த தண்டனை எவ்வளவு தெரியுமா? ஒரு மாதம். 2021இலிருந்து வாடாவின் விதியே அதுதான். போட்டிக்கு வெளியே, ஓட்டத்தில் ஆதாயம் தேடாமல் எடுத்தது என்று நிறுவினால் மூன்று மாதத் தடை. சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டு முடித்தால் அது ஒரு மாதமாகக் குறையும். பெற்றோர்களே, இதை மனத்தில் நிறுத்துங்கள். உலகத்திலேயே கண்டிப்பான விளையாட்டுச் சட்டம்கூட, தவறியவனைப் பார்த்து ‘போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டு திரும்பி வா’ என்கிறது. அந்தப் பெண் திரும்பி வந்தாள். 2023இல் புடாபெஸ்ட்டில் உலகச் சாம்பியன் ஆனாள். 2024இல் பாரிஸில் தொடர் ஓட்டத் தங்கமும் 100 மீட்டர் வெள்ளியும் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக் நீச்சலில் மைக்கேல் பெல்ப்ஸையே முந்தித் தங்கம் வாங்கிய ஜோசப் ஸ்கூலிங், வெளிநாட்டில் கஞ்சா எடுத்ததாக 2022இல் ஒப்புக்கொண்டார். ராணுவச் சேவையில் இருந்தவருக்கு ஆறு மாதக் கண்காணிப்புச் சிறுநீர்ச் சோதனை விதித்தார்கள். கண்டித்தார்கள், ஆனால் அவர் வாங்கிய தங்கத்தை யாரும் அழிக்கவில்லை. நம் நாட்டுப் பூப்பந்து வீரர் டத்தோ லீ சோங் வேய் கதை வேறு. அவர் போதையைத் தொட்டவரே இல்லை. உடம்புக்கு நல்லதென்று விழுங்கிய மாத்திரையின் மேலுறையில் தடைமருந்து கலந்திருந்தது. எட்டு மாதத் தடை, உலகப் போட்டி வெள்ளிப் பதக்கமும் போயிற்று. உடம்புக்குள் போனதற்கு நீயே பொறுப்பு என்பதுதான் விதி. அவரும் திரும்பி வந்து ரியோவில் வெள்ளி வாங்கினார்.

உலகம் இப்படித் திரும்ப அழைக்கிறது. நாம் என்ன செய்கிறோம்?

எனக்குத் தெரிந்த ஒரு பையன். பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். என்னிடம் பயிற்சி பெற்று 800 மீட்டர் ஓடினான். அப்பா செம்பனை லோரி ஓட்டுகிறவர். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. கடைசி இருநூறு மீட்டரில் அவன் தோள் கொஞ்சம் இடப்பக்கம் சாயும். அப்போது அவனை யாரும் பிடிக்க முடியாது. ஒரு சோதனையில் மாட்டினான். என் முன்னால் வந்து தலை குனிந்து, ‘ரெண்டு இழுப்புதான் சார்’ என்றான். நான் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றோடு திடலுக்கு வருவதை விட்டான். ஒரு வாரம் கழித்து அவன் அம்மா இரவு வேலை முடிந்து, சீருடையோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே அவன் ஓட்டக் காலணி. ‘வேற பையனுக்குக் குடுத்துடுங்க சார். இது வீட்ல இருந்தா அவன் பாத்துப் பாத்து அழுவுறான்’ என்றார்.

அந்தக் காலணியை நான் வாங்கிக்கொண்டேன். அம்மா, நான் வாங்கியிருக்கக் கூடாது. ‘அவனையே போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்’ என்று திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய தண்டனையை ஆயுள் தண்டனை ஆக்கியது நான்தான். கல்யாண வீட்டில் அவனைப் பார்த்து முணுமுணுத்தவர்களும், கூட்டாளிகளாக இருந்துவிட்டு ஒதுங்கிப் போனவர்களும் அதில் பங்காளிகள். திடல் கைவிட்ட பிள்ளையை யார் கைநீட்டி அழைப்பார்கள்? யார் அந்தப் புகையைக் கொடுத்தானோ, அவன்தான்.

‘இளக்காரம் கொடுத்தால் எல்லோரும் பழகிவிடுவார்கள்’ என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் சோதனை வேண்டும் என்கிறேன், தடையும் வேண்டும் என்கிறேன். விற்கிறவன்மேல் சட்டம் பாயட்டும். ஆனால் தண்டனைக்கு ஒரு முடிவுநாள் இருக்க வேண்டும். முடிந்த மறுநாள் காலை அவனுக்காக ஒருவர் திடலில் நிற்க வேண்டும்.

ஆகவே இந்த இளைஞர் விளையாட்டு மன்றத்திடம் மூன்று கேட்கிறேன். ஒன்று, பயிற்சி தொடங்கும் முதல் வாரமே தடைவிதிகளைத் தமிழில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். நம் நாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான அடாமாஸின் அதிகாரிகளை அழையுங்கள். இரண்டு, பிள்ளை பயமில்லாமல் வந்து சொல்ல மன்றத்தில் ஓர் அண்ணனையோ அக்காவையோ நியமியுங்கள். 1983ஆம் ஆண்டுப் போதை சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தில், ஒருவர் தானாகவே போய்ச் சிகிச்சை கேட்க இடம் இருக்கிறது. பிடிபடும்வரை காத்திருக்காமல் கையைப் பிடித்து அழைத்துப் போக ஆள் வேண்டும். மூன்று, தடை முடிந்தவன் பெயரை மறுபடி பட்டியலில் எழுதுங்கள். பெயர் வாசிக்கும்போது எல்லோர் பெயரையும் போல வாசியுங்கள்.

தொண்டர் படைப் பிள்ளைகள் இந்த ஊர்த் தெருவில் நடந்தபோது, கள்ளுக்கடைக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களுக்கு அந்நியரா? அப்பா, சித்தப்பா, பக்கத்து லயத்து மாமா. அவர்களை வீட்டுக்கு அழைத்துவரத்தான் போனார்கள்.

நாளை காலை நான் அந்தப் பையன் வீட்டுக்குப் போகிறேன். அந்த அம்மா கொடுத்த காலணி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. வேறு எந்தப் பையனுக்கும் கொடுக்க மனம் வரவில்லை. அதை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். அவனுக்கு வயது கூடியிருக்கும், வேகம் குறைந்திருக்கும். பரவாயில்லை. சின்னப் பையன்களுக்கு நேரம் பிடிக்க, கடைசி இருநூறு மீட்டரில் எப்படி ஓடுவது என்று சொல்லிக் கொடுக்க, அவனைவிட எனக்கு யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவன் திடலுக்கு வந்தால், தயவுசெய்து யாரும் பழையதைக் கேட்காதீர்கள். ‘வாப்பா’ என்று மட்டும் சொல்லுங்கள்.