ஊதியம் பெற்றுக் கற்கும் தொழில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தமிழின் தொன்மை பற்றியும் இசையின் இனிமை பற்றியும் பேசுதற்கு அறிஞர் பலர் வந்திருக்கும் இம்மேடையிலே, இரயில்வே அலுவலகத்தில் கோப்பு புரட்டும் எழுத்தனாகிய எனக்கும் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கின்றார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆதலின் இலக்கியத்தின் பக்கம் செல்லாமல், நம் காலனிப் பெண்மக்களின் பிழைப்பைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அமர விரும்புகின்றேன். பல் மருத்துவரின் அருகே நின்று துணைபுரியும் தாதியின் தொழிலையும், அதனைக் காசு கொடுத்துக் கற்பதா, காசு வாங்கிக்கொண்டு கற்பதா என்பதையும் பற்றியதே அச்செய்தி.

பல் மருத்துவத்தைப் பற்றிப் பேசக் கல்கத்தாவைவிடப் பொருத்தமான நகரம் இந்தியாவில் இல்லை. சியால்தா நிலையத்திலிருந்து மௌலாலிப் பக்கம் நடந்து செல்வோர் ஆசாரிய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரியைக் கண்டிருப்பீர்கள். அப்பெயருக்குரியவர் ரஃபியுத்தீன் அகமது என்னும் வங்காளத்துப் பெருமகன். 1890ஆம் ஆண்டில் பிறந்தவர். அமெரிக்கா சென்று அயோவாப் பல்கலைக்கழகத்தில் 1915ஆம் ஆண்டில் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். தாய்நாடு திரும்பி 1920ஆம் ஆண்டில் இந்நகரிலே இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்தார். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வியப்பீர்கள். 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்று ஒரு குளிர்பானக் கடையை நடத்தி, அதன் வருவாயைக் கல்லூரிக்குச் செலவிட்டாராம்! இனிப்புப் பானம் விற்றுப் பல் மருத்துவம் வளர்த்தார் என்று நம்மில் குறும்பர் எவரேனும் சொல்லக்கூடும், சொல்லட்டும். 1949ஆம் ஆண்டில் அக்கல்லூரியை அரசாங்கத்துக்கே அளித்துவிட்டார். முகம்மது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா அக்கல்லூரியில் பயின்றுதான் 1923ஆம் ஆண்டில் பம்பாயில் பல் மருத்துவமனை திறந்தார். பெண்ணொருத்தி பல் மருத்துவம் பயில்வது நூறாண்டுகளுக்கு முன்னரே இந்நகரம் கண்ட காட்சியாகும்.

இக்கல்லூரிக்கு அப்பாலும் இங்கே பல் மருத்துவம் இருந்தது. பழைய சீனர் குடியிருப்பில், ஹூபெய் மாநிலத்திலிருந்து வந்த சீனர் குடும்பங்கள் தந்தையிடமிருந்து மகன் கற்பது என்ற முறையிலே பல் வைத்தியம் செய்துவந்தன. கையால் கற்ற தொழில் அது. 1948ஆம் ஆண்டில் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் பெறாதவராயினும் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் அதையே முதன்மைத் தொழிலாக நடத்தி வந்தவரைத் தனிப் பட்டியலில் பதிந்துகொள்ள வழி செய்தார்கள். கைப்பழக்கத்தால் கற்றதும் கல்விதான் என்று சட்டமே ஒருவாறு ஒப்புக்கொண்டது என்று நான் பொருள் கொள்கின்றேன். அச்சட்டம் மருத்துவரை மட்டுமன்றிப் பல்லைச் சுரண்டித் தூய்மை செய்யும் சுகாதாரப் பணியாளரையும், செயற்கைப் பல் செய்யும் பல் மெக்கானிக்கையும் பெயர் சொல்லிப் பதிவுக்கு உட்படுத்தியது. ஆனால் மருத்துவரின் அருகே நாள் முழுதும் நின்று கருவி எடுத்துக் கொடுக்கும் தாதிக்கு அச்சட்டத்தில் இடமில்லை. நான் சொல்லப்போகும் இடர்களுக்கு எல்லாம் வேர் இதுதான். (அச்சட்டத்துக்கு மாற்றாக 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது.)

வெளிநாடுகளில் நிலை வேறு. 1885ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்னும் மருத்துவர் மால்வினா கூரியா என்ற பெண்ணைத் தம் மருத்துவமனையில் உதவிக்கு அமர்த்தினார். தனியே வரத் தயங்கிய பெண் நோயாளிகள் அதன் பின் அச்சமின்றி வந்தனர். நியூசிலாந்திலே 1921ஆம் ஆண்டில் அரசாங்கமே இளம்பெண்களைத் தேர்ந்து, வெலிங்டன் நகரில் ஈராண்டு பயிற்றிப் பள்ளிச் சிறுவரின் பற்களைப் பேண அனுப்பத் தொடங்கியது. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞரின் பற்கள் கிடந்த கேட்டைக் கண்டு அஞ்சியே அவ்வேற்பாடு செய்தனர். அம்முறை பின்னர் மலாயாவின் பினாங்குக்கும் இலங்கையின் மகரகமவுக்கும் பரவியது. அங்கெல்லாம் பள்ளிகளில் பல் தாதியர் பணிபுரிகின்றனர். ஜெர்மனியில் மூன்றாண்டுப் பயிற்சி. மருத்துவமனையில் வேலை, இடையிடையே தொழிற்பள்ளியில் பாடம், மாதந்தோறும் ஊதியம். பிரிட்டனில் 2008ஆம் ஆண்டு முதல் பல் மருத்துவத் தாதி அரசு அங்கீகாரம் பெற்ற பதிவேட்டில் பெயர் பதிந்தாக வேண்டும். அப்பதிவுக்குரிய தேர்ச்சியை ஊதியத்தோடு கூடிய அப்ரண்டிஸ் பயிற்சியின் வாயிலாகவும் பெறலாம்.

'அப்ரண்டிஸ்' என்னும் சொல் இரயில்வேக் குடும்பத்தாருக்குப் புதிதன்று. காஞ்சராபாரா, லிலுவா, கரக்பூர்ப் பணிமனைகளில் நம்மவர் பிள்ளைகள் எத்தனை பேர் அப்ரண்டிசாகச் சேர்ந்து பிட்டராகவும் வெல்டராகவும் வெளிவந்தனர்! மகன் அப்ரண்டிஸ் ஆனால் இனிப்பு வழங்குகின்றோம். மகளுக்கும் அப்படி ஒரு வழி உண்டா என்று நாம் கேட்டதே இல்லை. நானும் கேட்கவில்லை. அதனால் நேர்ந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன்.

என் தமக்கையின் மகள் 2021ஆம் ஆண்டில் உச்ச மாத்யமிக் தேறினாள். மேற்கொண்டு கல்லூரிக்குப் பொருளில்லை. தனியார் பயிற்சி நிலையம் ஒன்று, ஓராண்டில் 'பல் மருத்துவ உதவியாளர்' சான்றிதழ் தருவதாகவும், நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் கட்டணம் என்றும் விளம்பரம் செய்திருந்தது. தமக்கை வளையலை அடகு வைத்தாள். குறைந்த தொகையை நான் கொடுத்தேன். விண்ணப்பத்தில் காப்பாளன் என்று கையொப்பமிட்டவனும் நானே. பிறர் அனுப்பும் தாள்களில் எங்கே குறை இருக்கின்றது என்று கண்டுபிடிப்பதற்காகவே இரயில்வே எனக்குச் சம்பளம் தருகின்றது. அன்றைய தாளை மட்டும் நான் படிக்கவில்லை. எந்த அமைப்பின் அங்கீகாரம் என்ற இடத்தில் வெற்றுக் கோடு இருந்தது. அதைப் பின்னரே பார்த்தேன்.

அங்கே அவள் கற்றது பெரும்பாலும் படம் பார்த்துக் குறிப்பெழுதுவது. சான்றிதழோடு வேலை தேடிய இடங்களில் எல்லாம் அதனை மேசையில் ஒதுக்கி வைத்துவிட்டு, "கைவேலை தெரியுமா?" என்றே கேட்டார்கள். இறுதியில் சிறு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தம் ஏதுமின்றிச் சேர்ந்தாள். தரை துடைப்பதும் அவள்தான், ஊசியை மூடுவதும் அவள்தான். ஒரு நாள் பயன்படுத்திய ஊசி விரலில் குத்திவிட்டது. கழுவிக்கொள் என்று சொல்லி அடுத்த நோயாளியை அழைத்தார்களாம். அன்றிரவு அவள் என்னிடம், "மாமா, எனக்குத் தடுப்பூசிகூடப் போடவில்லையே" என்றாள். மறுநாளே அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். பரிசோதனைகள் முடிந்து, அச்சமில்லை என்று தெரிய ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதமும் என் தமக்கை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன் பின்னரே சட்டம் என்ன சொல்கின்றது என்று தேடினேன். 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அப்ரண்டிஸ் சட்டம் பணிமனைக்கு மட்டும் உரியதன்று. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதன் எல்லை விரிந்து, பட்டியலில் இல்லாத தொழில்களுக்கும் வழி திறந்தது. சுகாதாரத் துறைத் திறன் குழுமம் 'பல் மருத்துவ உதவியாளர்' என்ற பணிக்கே பாடத்திட்டம் வகுத்திருக்கின்றது. 2016ஆம் ஆண்டில் வந்த தேசிய ஊக்குவிப்புத் திட்டத்தின்படி உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரம்புக்குள், அரசாங்கம் ஏற்கின்றது. 2019ஆம் ஆண்டில் திருத்திய விதிகள் குறைந்த அளவு உதவித்தொகையைக் கல்வித் தகுதிக்கு ஏற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை வகுத்தன. எல்லாவற்றிலும் எனக்கு முதன்மையாகப் பட்டது வேறொன்று: ஒப்பந்தம் பதிவான அப்ரண்டிசுக்குப் பயிற்சியின்போது காயம் நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளியைச் சேரும் என்று சட்டம் சொல்கின்றது. ஊசி குத்திய விரலோடு அந்தப் பிரிவைப் படித்தேன் என்றால் மிகையன்று.

குறையும் உண்டு; அதனைச் சொல்லாமல் விடுவது முறையன்று. நான்கு பேருக்குக் குறைந்த இடம் இச்சட்டப்படி அப்ரண்டிசை எடுக்க இயலாது. முப்பதும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கே எடுக்க வேண்டிய கட்டாயம். நம் தெருமுனைப் பல் மருத்துவமனையில் மருத்துவரும் இரண்டு ஆட்களும்தானே இருப்பர்? ஆகவே பெரிய மருத்துவமனையின் பல் பிரிவையோ, பல கிளைகள் கொண்ட நிறுவனத்தையோதான் நாட வேண்டும். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும், ஒப்பந்தத்தில் எழுதினாலன்றி, இல்லை. அஃது என்னைப் பொறுத்தவரை பெருங்குறையே.

இருந்தும் என் மருமகள் 2023ஆம் ஆண்டில் தனியார் மருத்துவமனை ஒன்றின் பல் பிரிவில் ஓராண்டு அப்ரண்டிசாகச் சேர்ந்தாள். மாதம் 7,500 ரூபாய். முதல் வேலையாக மஞ்சள் காமாலைத் தடுப்பூசி மூன்று தவணைக்கும் நாள் குறித்துக் கொடுத்தார்களாம். பயன்படுத்திய ஊசியை இரு கைகளாலும் மூடக் கூடாது என்றும், அதனை வெண்ணிறக் கலத்தில் இட வேண்டும் என்றும் அன்றே கற்றாள். சான்றிதழ் நிலையத்தில் ஓராண்டு முழுதும் எவரும் சொல்லாத செய்தி!

அவள் வேலையைப் பற்றிச் சிறிது சொல்ல ஆசை. கருவிகளைக் கழுவி, உறையிட்டு, நீராவிக் கலத்தில் 121 பாகை வெப்பத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் வைக்க வேண்டும். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமேதான்; ஆனால் கழுவாமல் வைத்தால் ஒட்டியிருக்கும் இரத்தம் வெந்து கருவியோடு கருவியாகிவிடும், கிருமி உள்ளேயே பத்திரமாக இருக்கும் என்கின்றாள். அச்செடுக்கும் மாவைக் குளிர்ந்த நீரில் குழைத்தால் மெல்ல இறுகும், வெந்நீரில் குழைத்தால் மருத்துவர் கைக்குப் போகுமுன்பே கல்லாகும். மே மாதத்துக் கல்கத்தாவில் குழாய் நீரே வெந்நீர் ஆதலின் பனிக்கட்டி வைத்துக்கொள்கின்றாள். எக்ஸ்-ரே எடுக்கும்போது அறையை விட்டு விலகி நிற்க வேண்டும். முன்னே சொன்ன கெல்ஸ் அமெரிக்காவில் பல் எக்ஸ்-ரேக்கு முன்னோடி. அக்கதிரின் தீங்கு அறியாத காலத்தில் விரல்களையும் பின்னர்க் கையையும் அவர் இழந்தார்.

பற்களுக்கு எண் இருக்கின்றது என்பதைக் கேட்டபோது எனக்குப் பெருமகிழ்ச்சி. வாயை நான்கு பாகமாக்கி, முதல் இலக்கம் பாகத்தையும் இரண்டாம் இலக்கம் நடுவிலிருந்து பல்லின் வரிசையையும் குறிக்கும். 36 என்றால் கீழே இடப்பக்கத்து முதற் பெரிய கடைவாய்ப் பல். எங்கள் வேகனுக்குப் பதினொரு இலக்கம். முதலிரண்டு வகையையும், அடுத்த இரண்டு எந்த இரயில்வே என்பதையும், அதற்கடுத்த இரண்டு செய்த ஆண்டையும் குறிக்கும். வேகன் எண்ணைத் தவறாக எழுதினால் சரக்கு வேறூர் போகும். கடிதம் எழுதி மீட்டுவிடலாம். நோயாளியின் இடப்பக்கம் எதிரே நிற்பவருக்கு வலப்பக்கமாகத் தோன்றுமே, 36க்குப் பதிலாக 46 என்று எழுதிவிட்டால் நல்ல பல் போய்விடும். அந்த எண்ணை மருத்துவர் சொல்ல, திருப்பிச் சொல்லி எழுதுபவள் தாதி.

"எச்சில் கிண்ணம் கழுவும் வேலைக்கா பெண்ணை அனுப்புவது?" என்று நம் காலனியிலே ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. சென்ற குளிர்காலத்தில் அவருக்கே பல் பிடுங்க நேர்ந்தது. ஊசி போட்டபோது தோளில் கை வைத்து, "தாத்தா, மூக்கால் மூச்சு விடுங்கள்" என்று தமிழிலே ஒரு குரல் கேட்டதாம். திரும்பி வந்து என்னிடம் அவர் அதிகம் பேசவில்லை. பெண்ணின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டார்.

பயிற்சி முடிந்து 2024ஆம் ஆண்டில் அதே பிரிவில் அவளை வேலைக்கு அமர்த்திக்கொண்டார்கள். அவளுடன் பயின்ற இருவருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை; வேறு இடம் தேடினார்கள், ஒருத்திக்குக் கிடைத்தது. வளையல் இவ்வாண்டு தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வந்தது.

இவ்வாண்டும் நம் காலனியில் உச்ச மாத்யமிக் எழுதிய பெண்கள் சிலர் இருக்கின்றார்கள். அவர்களுள் இருவர் வீட்டில் அதே போன்ற விளம்பரத் தாளைக் கண்டேன், கட்டணம்தான் உயர்ந்திருக்கின்றது. பணம் கட்டுவதற்கு முன் அத்தாளை என்னிடம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கின்றேன். ஒப்பந்தப் பதிவு எண் இருக்கின்றதா, உதவித்தொகை பெண்ணின் பெயரில் உள்ள கணக்குக்கு வருமா, தடுப்பூசிக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பவற்றைச் சேர்ந்து படித்துப் பார்க்கலாம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க நூலகத்தில் இருப்பேன். என் மருமகளுக்கும் அன்று விடுமுறை, அவளும் வருவாள்.