கட்டுப்பாட்டு அறையின் மெல்லிய கம்பிகள்

(வயர்லெஸ் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



நள்ளிரவில் நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நிகழ்கிறது. அவ்வழியே சென்ற லாரி ஓட்டுநர் தொலைபேசியில் தகவல் தருகிறார். கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் பணியாளர் அருகிலுள்ள ரோந்து வாகனம் எது என்று திரையில் பார்க்கிறார். வானொலி மூலம் அதனை அழைக்கிறார். இவற்றில் பொதுமக்களின் கண்ணில் படுபவை உயர்ந்த கோபுரமும், வாகனத்தின் மேல் ஆடும் ஏரியலும் மட்டுமே. பணியாளரின் மேசைக்குப் பின்னால் வானொலியையும் கணிப்பொறியையும் இணைக்கும் சில மெல்லிய கம்பிகளை எவரும் நினைப்பதில்லை. அவற்றைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன்.

நம் நாட்டில் காவல்துறை வயர்லெஸ் ஒருங்கிணைப்பு இயக்ககம் 1946-லேயே தோன்றிவிட்டது. நெடுங்காலம் கட்டுப்பாட்டு அறையின் வேலை பேசுவதும் கேட்பதுமாகவே இருந்தது. வந்த செய்தி பதிவேட்டில் மையால் எழுதப்பட்டது. 2005-இல் ஐதராபாத்தில் 108 அவசர ஊர்திச் சேவை தொடங்கியது. 2018 நவம்பரில் 112 என்ற ஒரே அவசர எண் முறையை ஹிமாசலப் பிரதேசம் முதன்முதலாக ஏற்றது. இத்தகைய சேவைகள் பெருகப் பெருக, மேசையில் குரல் மட்டும் போதாது என்ற நிலை வந்தது. பேசுகின்ற வாகனத்தின் அடையாள எண், அது நிற்கும் இடம், அலைவரிசையை மாற்றும் கட்டளை, ஒலிப்பதிவுக் கருவிக்கு வேண்டிய சரியான நேரம் ஆகிய யாவும் தரவாக ஓட வேண்டியுள்ளன. புதிய மேசைகள் பலவற்றில் இத்தரவு கணிப்பொறி வலைப்பின்னல் வழியே செல்கிறது என்பது உண்மை. ஆயினும் வானொலிக் கருவியின் முதுகுப்புறத்திலும், செயற்கைக்கோள் கடிகாரத்திலும் பழைய தொடர்வரிசை இணைப்பு இன்னும் உயிரோடிருக்கிறது. நீங்கள் பணியில் சேரும் இடத்திலும் அது உங்களை எதிர்கொள்ளக்கூடும்.

தொடர்வரிசை என்பது எளிய கருத்து. ஓர் எழுத்தின் எட்டுத் துணுக்குகளும் எட்டுக் கம்பிகளில் ஒருசேரப் போகாமல், ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. முன்னே ஒரு தொடக்கத் துணுக்கு, பின்னே ஒரு நிறுத்தத் துணுக்கு, ஆகப் பத்து. நொடிக்கு 9600 துணுக்கு வேகத்தில் ஒரு துணுக்கின் ஆயுள் ஏறத்தாழ 104 மைக்ரோ நொடி. நொடிக்கு 960 எழுத்துகள் கடக்கும். இரு முனைகளிலும் வேகம், துணுக்கு எண்ணிக்கை, சமநிலைச் சோதனை ஆகிய அமைப்புகள் ஒன்றாக இருக்கவேண்டும். கடிகாரம் 4800 வேகத்தில் நேரம் சொல்ல, பதிவுக் கருவி 9600-இல் கேட்டுக்கொண்டிருந்தால் குப்பைதான் வரும். இதைக் கண்டுபிடிப்பது எளிது; ஆகவே மேலே செல்வோம்.

கடினம் மின்னழுத்தத்தில் இருக்கிறது. அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் 1960-இல் வகுத்து, 1969-இல் திருத்திய ஆர்.எஸ்.-232 என்ற தரநிலை, தொலை அச்சுப் பொறிகளை மோடத்துடன் இணைக்கும் காலத்தில் பிறந்தது. இதில் கூட்டல் 3 முதல் கூட்டல் 15 வோல்ட் வரை பூஜ்யம். கழித்தல் 3 முதல் கழித்தல் 15 வரை ஒன்று. இடைப்பட்ட பகுதிக்குப் பொருளே இல்லை. வானொலிக் கருவிகள் பலவற்றின் துணை இணைப்பியிலோ பூஜ்யமும் ஐந்தும் மட்டுமே புழங்கும் மின்னணுச் சுற்று இருக்கிறது. அங்கே ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் உரிய நிலையும் தலைகீழ். கணிப்பொறியின் கழித்தல் 12 வோல்ட்டை அதில் நேரே கொடுத்தால் அச்சுற்று கருகிப்போகலாம். இடையே மேக்ஸ்-232 போன்ற ஒரு மாற்றுச் சில்லு வேண்டும். சில ரூபாய் பெறும் பொருள் அது.

அடுத்தது, யார் பேசுவது, யார் கேட்பது என்ற கேள்வி. இரு வாய்களை ஒரு குழாயிலும் இரு காதுகளை மற்றொரு குழாயிலும் கட்டினால் உரையாடல் நடக்காது. ஆனால் அதுதான் கம்பி இணைப்பில் அன்றாடம் நிகழ்கிறது. 25 முனை இணைப்பியில் கணிப்பொறி 2-ஆம் முனையில் அனுப்பி 3-இல் பெறுகிறது. பொது முனை 7. பின்னர் வந்த 9 முனை இணைப்பியிலோ 2-இல் பெறுகிறது, 3-இல் அனுப்புகிறது. பொது முனை 5. ஏன் இப்படி மாற்றினார்கள் என்று நானும் பலமுறை சலித்துக்கொண்டதுண்டு. கருவியோடு வரும் கையேடு தெளிவாக இல்லையெனில் ஒரு மல்ட்டிமீட்டர் போதும். கருவியை இயக்கி, கம்பியை இணைக்காமல், பொது முனைக்கும் மற்ற முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். ஓய்விலிருக்கும் அனுப்பும் முனை கழித்தல் ஐந்து முதல் பன்னிரண்டு வோல்ட் வரை காட்டும்; பெறும் முனை ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். இரு கருவிகளையும் அளந்தபின், அனுப்பும் முனையைப் பெறும் முனையுடன் சேர்த்தால் தீர்ந்தது.

இனி, இவ்வுரைக்கு நான் இசைந்ததற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

தரவுக் கம்பிகளுடன் சில கட்டுப்பாட்டுக் கம்பிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று 'அனுப்ப அனுமதி வேண்டுகிறேன்' என்று கணிப்பொறி சொல்லும் கம்பி. 9 முனை இணைப்பியில் 7-ஆவது. இதனை ஒரு டிரான்சிஸ்டரின் வழியாக வானொலியின் பேச்சு விசைக்கு இணைப்பது பரவலான வழக்கம். கம்பியில் கூட்டல் மின்னழுத்தம் வந்தால் டிரான்சிஸ்டர் இயங்கும், ஒலிபரப்பி உயிர்பெறும். மலிவான, அழகான ஏற்பாடு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரின் கட்டுப்பாட்டு அறையில் அதை அமைத்தவன் நானே. சோதனையில் குறையேதும் தென்படவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் மாலை மின்சாரம் விட்டுவிட்டு வந்தது. கணிப்பொறி அணைந்து மீண்டும் எழ முயன்று பாதியில் நின்றுவிட்டது. நின்ற நிலையில் அந்த ஏழாவது முனை கூட்டல் அழுத்தத்தில் இருந்தது. ஒலிபரப்பி இயங்கிக்கொண்டே இருந்தது. குரல் ஏதுமில்லை, வெறும் அலை மட்டும். அந்த அலைவரிசையில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேச இயலாது. பண்பலை ஏற்பிகள் வலிமையான அலையைப் பற்றிக்கொண்டு மெலிந்ததை விட்டுவிடும் இயல்புடையவை. ஆகவே மாவட்டம் முழுவதும் வாகனங்கள் ஒன்றையொன்று அழைத்தும் பயனில்லை. ஒலிபரப்பும் நிலையிலிருந்த கட்டுப்பாட்டு அறையோ எதையும் கேட்கவில்லை. அங்கிருந்தவர்கள் 'இன்று அமைதியாக இருக்கிறது' என்றே எண்ணினர். தரைப்பாலம் ஒன்றின்மேல் வெள்ளம் ஏறுவதைக் கண்ட ரோந்து வாகனத்தினர், இருபது நிமிடம் அழைத்து அலுத்து, அருகிலிருந்த கடையொன்றின் தொலைபேசியிலிருந்து செய்தி சொன்னார்கள். அதன்பின்பே பாலத்தின் இருபுறமும் தடுப்பு வைக்கப்பட்டது. உயிரிழப்பு இல்லை. அந்த இருபது நிமிடத்தில் பேருந்து ஏதும் அவ்வழி வராததே அதற்குக் காரணம். என் கைத்திறன் அல்ல.

மறுநாள் செய்த மாற்றங்கள் மூன்று. ஒலிபரப்பி தொடர்ந்து ஒரு நிமிடத்துக்கு மேல் இயங்கினால் தானே அணையும்படி, வானொலியிலேயே உள்ள கால வரம்பு அமைப்பை இயக்கினோம். அது முன்பே இருந்தது, எவரும் தொட்டதில்லை. பேச்சு விசையைக் கணிப்பொறியிலிருந்து பிரித்து, பணியாளரின் மிதிகட்டையோடு ரிலே வழியாக நேரே இணைத்தோம். மேசையின்மேல், ஒலிபரப்பி இயங்கும்போது எரியும் ஒரு சிவப்பு விளக்கு வைத்தோம். மூன்றில் விளக்கையே நான் பெரிதாக மதிக்கிறேன். கணிப்பொறி இணைப்பு எதையும் ஏற்றுக்கொள்ளும் முன், அதனை அணைத்து எழுப்பிப் பாருங்கள். எழும் வழியில் மின்சாரத்தைத் துண்டித்தும் பாருங்கள். சோதனைப் பட்டியல்களில் இந்த வரி பெரும்பாலும் இருப்பதில்லை.

தூரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆர்.எஸ்.-232-க்குப் பழைய தரநிலை கூறிய எல்லை 50 அடி, அதாவது 15 மீட்டர். கோபுர அடியிலுள்ள கருவி அறை அதற்கு அப்பால் இருந்தால் ஆர்.எஸ்.-422 அல்லது ஆர்.எஸ்.-485 முறைக்கு மாறவேண்டும். இவற்றில் முறுக்கிய இரு கம்பிகளின் மின்னழுத்த வேறுபாடே செய்தி. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரேபோல் தாக்குவதால் வேறுபாடு கெடுவதில்லை. குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை செல்லலாம். ஆர்.எஸ்.-485 கம்பியின் இரு கடைக்கோடிகளில் மட்டும் 120 ஓம் தடை வைக்கவேண்டும். இடையிலுள்ள கருவிகளில் வைக்கலாகாது. ஏ, பி என்ற முனைப் பெயர்களை நம்பாதீர்கள். உற்பத்தியாளர்கள் அவற்றை ஒரேபோல் எழுதுவதில்லை. செய்தி வரவில்லையெனில் இரு கம்பிகளையும் மாற்றிப் பாருங்கள். அதனால் கருவிக்குத் தீங்கில்லை.

இரு கட்டடங்களை இணைக்கும்போது புவி இணைப்பே பெருந்தொல்லை. ஒவ்வொரு கட்டடத்தின் புவி முனையும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. பொதுக் கம்பி இரண்டையும் இணைத்தவுடன் அதில் தேவையற்ற மின்னோட்டம் பாய்கிறது. இடி இறங்கும் கணத்தில் வேறுபாடு ஆயிரக்கணக்கான வோல்ட்டாகி, கம்பியின் இரு முனைக் கருவிகளையும் அழிக்கிறது. ஒளியிழையோ, ஒளிவழித் தடுப்பான் கொண்ட இணைப்போ இதற்குத் தீர்வு. கவசக் கம்பியை ஒரு முனையில் மட்டும் புவியில் இணைப்பதா, இரு முனையிலுமா என்று பொறியாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். குறைந்த அதிர்வெண் ரீங்காரத்துக்கு ஒரு முனை நல்லது. வானொலி அலைக்கு இரு முனை நல்லது. வானொலியின் அருகில் நாம் இருப்பதால் இரண்டும் நம்மைத் தாக்கும். பேச்சு விசையை அழுத்தும்போது மட்டும் தரவு சிதைகிறதா? அப்படியானால் அது ஒலிபரப்பியின் அலை கம்பிக்குள் புகுவதன் அடையாளம். இணைப்பியை ஒட்டி ஒரு பெரைட் வளையம் மாட்டிப் பாருங்கள்.

இறுதியாக ஒரு செய்தி. புதிய கணிப்பொறிகளில் 9 முனை வாய் கிடைப்பது அரிது, யு.எஸ்.பி. மாற்றிகளை வாங்கிப் பொருத்துகிறோம். துப்புரவின்போது மாற்றியைக் கழற்றி வேறு துளையில் செருகினால், சில மாற்றிகளுக்குக் கணிப்பொறி புதிய எண் கொடுத்துவிடும். மேசை மென்பொருள் பழைய எண்ணிலேயே காத்திருக்கும். கம்பியில் பழுதில்லை, கருவியில் பழுதில்லை, ஆனால் தரவு வராது. துளைக்கும் மாற்றிக்கும் ஒரே நிறத்தில் சாயம் பூசி வையுங்கள். எந்த முனை எங்கே செல்கிறது என்ற வரைபடத்தை மேசையின் பின்கதவில், உள்புறமாக, கண்ணாடித் தாளுக்கடியில் ஒட்டுங்கள். பெயரும் தேதியும் எழுதுங்கள். நான் மேலே சொன்ன அறையில் அத்தகைய வரைபடம் இல்லை. அன்று மாலை பணியிலிருந்த இளைஞர் எந்த இணைப்பியை உருவுவது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். ஐந்தாவதாக உருவியதே சரியான இணைப்பி.