உருளையின் எடையும் விலைப்புள்ளியும்

(பெங்களூர் மல்லேஸ்வரத்தில் மாணவர், அலுவலர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மருத்துவமனைகளில் நாம் காணும் பெரிய ஆக்சிஜன் உருளை ஏறத்தாழ 7 கன மீட்டர் வாயுவைக் கொள்ளும். அவ்வாயுவின் எடை 10 கிலோவுக்கு மேற்படாது. அதைத் தாங்கும் எஃகுக் கலனின் எடையோ 50 கிலோவுக்கும் அதிகம். சரக்கைவிடச் சாக்கு ஐந்து மடங்கு கனம்!

இச்சாக்கை அலுமினியக் கலப்புலோகக் குழாயால் செய்தால் என்ன? அலுமினியத்தின் அடர்த்தி 2.7, எஃகின் அடர்த்தி 7.85. ஆகவே எடை மூன்றில் ஒன்றாகிவிடும் என்று கருதுவது பிழை. வலிமை குறைந்த உலோகத்திற்குச் சுவர் தடிப்பாக இருத்தல் வேண்டும். எனவே வலிமையை அடர்த்தியால் வகுத்துப் பார்ப்பதே முறை. மக்னீசியமும் சிலிக்கனும் கலந்த 6061 என்னும் கலப்புலோகத்திற்கு இவ்வீதம் சுமார் 100. கார்பன்-மாங்கனீஸ் எஃகுக்குச் சுமார் 50. குரோமியம்-மாலிப்டினம் எஃகுக்கோ 90க்கு மேல். பழைய எஃகை வெல்லும் அலுமினியம், புதிய எஃகிடம் சமநிலையிலேயே நிற்கிறது எனலாம். விற்பனையாளர் இதைச் சொல்வதில்லை.

ஆயினும் எடை மட்டுமே கணக்கன்று. அலுமினியம் துருப்பிடிக்காது, காந்தத்தால் ஈர்க்கப்படாது. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், காந்த அதிர்வுப் படமெடுக்கும் அறைக்குள் ஆக்சிஜன் உருளையுடன் சென்றவர் இயந்திரத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். இத்தகைய அறைக்குக் காந்தம் இழுக்காத உருளை இன்றியமையாதது.

இக்குழாயின் வலிமை வெப்பப் பக்குவத்தில் பிறப்பது. 1906இல் ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் என்பார், சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்த அலுமினியக் கலப்புலோகம் நாள் செல்லச் செல்லக் கடினமாவதைக் கண்டார். இங்கிருந்து நடக்கும் தூரத்திலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1945இல் தொடங்கிய உலோகவியல் துறை மாணவருக்கு இது பாலபாடம். 6061 குழாயைச் சுமார் 530 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, நீரில் அமிழ்த்தி, பின்னர் 170 டிகிரியளவில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்துவர். பதப்படுத்திய குழாயைப் பற்றவைத்தால் பற்றுவாயைச் சுற்றி வலிமை பெரிதும் குன்றும். ஆதலால் இணைப்பற்ற குழாயின் வாயைச் சூட்டில் சுழற்றிக் குவித்து, அதன் பின்னரே பதப்படுத்துவர்.

ஒருமுறை கொள்முதல் கோப்பொன்றில், உருளை ஒன்றுக்கு மிகக் குறைந்த விலைப்புள்ளியை நானே பரிந்துரைத்தேன். பின்னர் அம்மருத்துவமனைக்குச் சென்றபோது, மின்தூக்கி பழுதான நாளில் கடைநிலை ஊழியர் இருவர் அவ்வுருளையைப் படிப்படியாக ஏற்றக் கண்டேன். அவர்தம் முதுகின் விலை என் ஒப்பீட்டுப் பட்டியலில் எந்தப் பத்தியிலும் இல்லை.

கொள்முதல் அலுவலர்களுக்கு ஒன்று. உருளையின் விலையைக் கேட்பதோடு, ஒரு கிலோ வாயுவுக்கு எத்தனை கிலோ கலன் என்றும், சோதனைச் செலவு உட்பட ஆயுட்காலச் செலவு எவ்வளவு என்றும் கேளுங்கள். அலுமினியத்தைத் தேர்ந்தால் வண்ணம் பூசுபவரையும் விசாரியுங்கள்: பூச்சை உலர்த்தும் அடுப்பின் சூடு வரம்பு மீறினால், வெளியே பளபளக்கும் உருளை உள்ளே பதம் இழந்திருக்கும். தீயில் அகப்பட்ட உருளையை மீண்டும் நிரப்ப அனுப்பக் கூடாது. கழித்துக் கட்ட வேண்டும்.