மின் கிட்டாருக்குச் செப்புக் கவசம்

கொச்சி மட்டாஞ்சேரியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், மின் கிட்டாரைத் தம் கையாலேயே செய்து முடிக்க விழையும் இளைஞர் இருப்பின், அவர்க்கே இவ்வுரை. மின்னிசை நமக்கு அயலன்று. மின் மாண்டலினில் கருநாடக இசையை உலகறிய வாசித்தவர் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) அல்லரோ?

இக்கருவியில், காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் எஃகுத் தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றுகிறது. அச்சுருள் தந்தியின் அசைவை மட்டும் ஏற்பதில்லை. நொடிக்கு 50 சுற்றாக வீட்டுக் கம்பிகளில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலையும் ஏற்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அடுத்த வீட்டுக் குழல்விளக்கும் நம் இசையில் கலந்துவிடுகிறது.

முதலில் மெருகு, பின்னர் கவசம் என்பதே முறை. மரத்தை இழையோட்டத்தின் வழியே உப்புத்தாளால் தேய்த்து, அவலரக்கையோ லாக்கரையோ மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். இடவப்பாதி மழைநாளில் பூசலாகாது. கரைப்பான் ஆவியாகையில் மேற்பரப்பு குளிரும். காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல் வெளிறும்.

பூச்சு நன்கு இறுகிய பின்னர், சுருளும் கம்பிகளும் அமரும் குழிகளின் உட்புறம் முழுவதும் செப்புத் தாளை ஒட்டுக. விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஈயப்பற்றால் இணைதல் வேண்டும். கடற்காற்றில் வெறும் ஒட்டு நெடுநாள் நில்லாது. குழியை மூடும் பலகையின் அடிப்புறத்திற்கும் தாள் வேண்டும். பிறகு இவை அனைத்தையும் கருவியின் எர்த் முனையுடன் இணைத்திடுக. உலோகக் கூண்டு வெளி மின்புலத்தைத் தடுக்கும் என்பதை மைக்கேல் பாரடே 1836-ல் காட்டினார். எனினும் காந்தப்புலத்தால் எழும் முனகலைச் செப்புத்தாள் தடுக்காது. அதற்கு எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருளே மருந்து. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-ல் அதனை வகுத்தார்.

இனி, யாவற்றினும் முதன்மையானது ஒன்று. தந்தியைத் தாங்கும் குதிரையும் இதே எர்த் முனையில் சேர்வதால், வாசிப்பவர் விரல்கள் ஒலிபெருக்கியின் எர்த்துடன் நேரே பிணைக்கப்படுகின்றன. வீட்டில் எர்த் இல்லையெனில், ஒலிபெருக்கியில் நேரும் மின்கசிவு தந்திக்கே வந்துவிடும். 1972 மே 3 அன்று, பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில், கிட்டார்க் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு உயிர் துறந்தார்.

ஆகவே, மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒருபோதும் வெட்டற்க. வாடகை வீடாயினும், எர்த் உண்டா என்று வீட்டுக்காரரைக் கேட்கத் தயங்கற்க. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனம் ஒன்றைப் பொருத்தச் சொல்லுக. ஈரக் கையோடு கருவியை எடுக்கற்க. இசை இனிமையாவதற்கு முன், வாசிக்கும் கை காக்கப்பட வேண்டும்.